எத்தனை சக்கரங்கள் இழுக்க வேண்டும்?

பழைய கார் ஒன்றை விலை பேசச் சென்ற பள்ளியாசிரியன் ஒருவன், தான் முப்பது ஆண்டுகள் கற்பித்த பாடத்தைத் தன் மாணவனிடமிருந்தே திரும்பக் கற்றுக்கொண்டு வீடு வந்து சேர்ந்த கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஆசிரியன் வேறு யாருமல்லன், நானேதான். தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் தன் அறியாமையை வானொலியில் சொல்லிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால்தான் திருத்தம் மனத்தில் பதியும் என்பது என் அனுபவம்.

நான் குடியிருப்பது திருவான்மியூரில். மருந்தீசுவரர் கோயிலுக்கும் கடலுக்கும் இடையே உள்ள பல தெருக்களுள் ஒன்று எங்கள் தெரு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் மிக்ஜாம் புயல் சென்னையை வாட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிரவு எங்கள் தெருவில் முழங்காலளவு நீர் நின்றது. மின்சாரம் இல்லை. ஆஸ்துமா நோயாளியாகிய என் மனைவிக்கு மூச்சுத்திணறல் கண்டது. பக்கத்து வீட்டு இளைஞர்கள் நால்வர் அவளை ஒரு நாற்காலியில் அமர்த்தி, நீரில் நடந்து, பெரிய சாலை வரை தூக்கி வந்தார்கள். அங்கே ஓர் ஆட்டோ கிடைத்தது. அவள் பிழைத்தாள். ஆனால் அந்த இரவின் அச்சம் என்னை விட்டு நீங்கவில்லை. 'நமக்கென்று ஒரு கார் வேண்டும். அதுவும் எந்த மழைக்கும் அஞ்சாத கார் வேண்டும்' என்று உறுதி செய்துகொண்டேன்.

ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுக்கக்கூடிய தொகைக்குப் புதுக் கார் வாராது. ஆகவே பழைய கார் விற்கும் இடம் ஒன்றுக்குச் சென்றேன். அங்கே ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு செடான் கார்கள் நின்றன. ஒன்று, ஏழாண்டு ஓடிய சாதாரணக் கார். முன்சக்கரங்கள் இரண்டை மட்டும் எஞ்சின் சுழற்றும் வகை. மற்றொன்று, பதினோராண்டு ஓடிய உயர்தரக் கார். நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் வகை. விற்பனையாளர் இரண்டாவதைக் காட்டி, "மழைக்கும் வெள்ளத்துக்கும் இதுதான் சார். இரண்டு கால் வழுக்கினாலும் இரண்டு கால் பிடித்துக்கொள்ளும்" என்றார். என் மனம் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. இரண்டைவிட நான்கு பெரிது அன்றோ? இந்தக் கணக்கை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் அறியும்!

முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டியைப் பார்க்கும்படி என் பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். எங்கள் பகுதியில் அவர் ஒரு கார்ப் பட்டறை வைத்திருக்கிறார். வந்தவர் வண்டியைப் பார்க்குமுன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், ஒன்பதாம் வகுப்பில் மேசைமேல் மரக்கட்டையை வைத்து இழுத்துக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? அந்தக் கணக்கை இந்தக் காருக்குப் போட்டுப் பார்க்கலாமா?" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சொன்ன மரக்கட்டைப் பாடம் உராய்வைப் பற்றியது. அதை நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.

காரை நகர்த்துவது எஞ்சின் என்று நினைக்கிறோம். உண்மையில் எஞ்சின் சக்கரத்தைத்தான் சுழற்றுகிறது. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை காரை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே. சக்கரம் வழுக்காமல் தள்ளுவதற்கு உராய்வு வேண்டும். அந்த உராய்வின் உச்ச அளவு இரண்டைப் பொறுத்தது. ஒன்று, சக்கரத்தின்மேல் அமர்ந்துள்ள எடை. மற்றொன்று, டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு. எஞ்சின் எவ்வளவு வலியதாயினும், இந்த உச்சத்தைக் கடந்தால் சக்கரம் வீணே சுழலுமேயன்றி வண்டி நகராது.

முற்காலத்துக் கார்களில் எஞ்சின் முன்னே இருக்கும். அதன் விசை நீண்ட தண்டு ஒன்றின் வழியே பின்சக்கரங்களுக்குச் செல்லும். 2014 வரை வங்காளத்தில் செய்யப்பட்ட அம்பாசடரும், பம்பாயில் செய்யப்பட்ட பத்மினியும், சென்னைக்கு அருகே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இவ்வகையே. பிரான்சு நாட்டில் 1934-இல் சித்ரோயன் கம்பெனி முன்சக்கரங்கள் இழுக்கும் காரைப் பெரும் எண்ணிக்கையில் செய்யத் தொடங்கியது. 1959-இல் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலறிஞர் தாம் அமைத்த மினி காரில் எஞ்சினைக் குறுக்காக வைத்தார். எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம் எல்லாம் முன்புறத்தில் ஒன்றாகக் கூடின. நீண்ட தண்டு போயிற்று. வண்டியின் எடை குறைந்தது. உள்ளே கால் நீட்ட இடம் கிடைத்தது. எஞ்சினின் எடை முழுவதும் இழுக்கும் சக்கரங்களின்மேலேயே அமர்ந்ததால் பிடிப்பும் கூடிற்று. நம் நாட்டில் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இவ்வழியைப் பரப்பியது. இன்று நம் தெருக்களில் ஓடும் நடுத்தரக் குடும்பச் செடான்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் உடையவையே.

நான்கு சக்கரங்களையும் சுழற்றும் எண்ணமும் பழையதே. ஜீப்பில் அதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் சாலையில் விரைந்தோடும் சொகுசுக் காருக்கும் அது ஏற்றது என்று உலகுக்குக் காட்டியது, 1980-இல் ஜெனீவாக் கண்காட்சியில் ஆடி என்னும் ஜெர்மானியக் கம்பெனி வைத்த குவாட்ரோ என்னும் கார். பனி பெய்யும் நாடுகளில் அதன் பெருமை விரைவில் பரவிற்று. நம் நாட்டில் செடான் வகையில் இவ்வமைப்பைப் பெரும்பாலும் விலையுயர்ந்த வெளிநாட்டுப் பெயர்களிலேயே காணலாம். பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. மாருதி எஸ்.எக்ஸ்.4 என்ற செடானின் பெயரில் நான்கு உண்டு. ஆனால் நம் நாட்டில் விற்ற அந்தச் செடானை இழுத்தவை முன்சக்கரங்கள் இரண்டு மட்டுமே.

இனி, பட்டறைத் தரையில் சாக்கட்டியால் என் மாணவர் எழுதிய கணக்குக்கு வருவோம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு முன்சக்கரக் காரை எடுத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு அறுபது பங்கு, அதாவது 720 கிலோ, முன்சக்கரங்களின்மேல் இருப்பதாகக் கொள்வோம். நனைந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் உராய்வெண் ஏறத்தாழ 0.5. பெருக்கினால் 360 கிலோ எடைக்குச் சமமான விசை கிடைக்கிறது. பத்தடிக்கு ஓரடி உயரும் மலைச்சாலையில் அந்தக் காரை ஏற்றுவதற்கு வேண்டிய விசையோ ஏறத்தாழ 120 கிலோ எடைக்குச் சமம். தேவையைப்போல் மும்மடங்கு பிடிப்பு கையில் இருக்கிறது! ஏற்றத்தில் எடை சிறிது பின்னோக்கிச் சாயும் என்பது உண்மை. அதைக் கழித்தாலும் மிச்சம் தாராளமாக உண்டு. குன்னூரில் என் மகள் வசிக்கிறாள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலைக்காவது நான்கு சக்கர இயக்கம் வேண்டுமோ என்று நான் கேட்டதற்கு, அந்தக் கணக்கே விடை சொல்லிவிட்டது.

இறுகிய பனிமேல் இதே கணக்கைப் போடுங்கள். அங்கே உராய்வெண் ஏறத்தாழ 0.2. முன்சக்கரங்களுக்குக் கிடைப்பது 144 கிலோ, வேண்டுவது 120. நூலிழையில் நிற்கிறது, எடை பின்னே சாய்ந்தால் வண்டி திணறும். நான்கு சக்கரங்களும் இழுத்தாலோ 1,200 கிலோ முழுவதும் பயன்படுகிறது, 240 கிலோ விசை கிடைக்கிறது, வண்டி ஏறிவிடும். காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் பனிக்காலத்தில் வாழ்பவருக்கு இவ்வமைப்பு வீண் ஆடம்பரமன்று, தேவை. சேறு படிந்த செங்குத்தான தோட்டப் பாதையில் நாள்தோறும் செல்பவருக்கும் அப்படியே. இதை மறுத்தால் நாம் நடுநிலை தவறியவர் ஆவோம்.

"அப்படியானால் வெள்ளத்துக்கு?" என்று கேட்டேன். என் மனத்தில் இருந்தது அந்த டிசம்பர் இரவுதானே!

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சார், அன்றிரவு எத்தனை சக்கரம் சுழன்றாலும் கார் உதவியிராது. அம்மாவைக் காப்பாற்றியது அந்த நாற்காலிதான்" என்றார்.

ஏன் என்று அவர் விளக்கினார். நான்கு சக்கரங்களும் இழுக்கும் செடானும் மற்றச் செடானைப் போலவே தாழ்ந்துதான் நிற்கிறது. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் ஒரு சாணுக்குக் குறைவான இடைவெளியே பெரும்பாலும் உண்டு. நீர் உயர்ந்தால் எஞ்சின் மூச்சு வாங்கும் குழாய் வழியே உள்ளே புகும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. மேலேறும் பிஸ்டன் நீரில் மோத, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஒரு நொடியில் எஞ்சின் பாழ். சாதாரணக் காப்பீட்டில் இந்த இழப்புக்குப் பணம் கிடைப்பதும் அரிது. அதற்கென்று தனியே சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓடும் வெள்ளமாயின் ஆபத்து இன்னும் பெரிது. ஓரடி ஆழ வெள்ளமே சிறு கார்களை மிதக்கச் செய்துவிடும். மிதக்கும் வண்டியின் சக்கரம் தரையைத் தொடாது. தரையைத் தொடாத சக்கரம் இரண்டாயிருந்தால் என்ன, நான்காயிருந்தால் என்ன?

இதனினும் பெரிய உண்மை ஒன்று உண்டு. புறப்படுவது வேறு, நிற்பது வேறு. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஆகவே, ஒரே எடையும் ஒரே டயரும் உள்ள இரண்டு கார்கள் நனைந்த சாலையில் நிற்க ஒரே தொலைவுதான் தேவை. நான்கு சக்கர இயக்கம் நிறுத்துவதற்கு ஓரடியும் உதவாது. வழுக்கும் தரையிலும் எளிதாகப் புறப்பட்டுவிடுவதால், தரை வழுக்குகிறது என்பதே ஓட்டுபவனுக்குத் தெரியாமல் போகும். துணிவு வரும், வேகம் வரும், திருப்பத்தில் உண்மை வெளிப்படும். நிறுத்துவதும் திருப்புவதும் டயரின் வேலை. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் அதை மாற்றியே தீரவேண்டும். தேய்ந்த டயர் மழைநீரை விலக்க முடியாமல் அதன்மேல் மிதந்து வழுக்கும். நான்கு தேய்ந்த டயர்களைச் சுழற்றும் வண்டியைவிட, நான்கு நல்ல டயர்களில் நிற்கும் முன்சக்கர வண்டியே மழைநாளில் நம்பத்தக்கது.

இனிப் பணப்பையைப் பார்ப்போம். விற்பனையிடத்தில் இரண்டு கார்களின் விலையும் ஒன்று. வீட்டுக்கு வந்தபின் ஒன்றல்ல. நான்கு சக்கர இயக்கத்துக்கு நடுவே ஒரு நீண்ட தண்டு, பின்னே ஒரு டிஃபரன்ஷியல், சக்கரங்களுக்குச் செல்லும் இரு தண்டுகள், பல வண்டிகளில் எண்ணெயில் இயங்கும் ஒரு கிளச்சு ஆகியவை கூடுதல். இவற்றின் எடையை நாள்தோறும் சுமக்க எரிபொருள் வேண்டும். இவற்றுக்குரிய எண்ணெயைக் காலந்தோறும் மாற்ற வேண்டும். பழைய சொந்தக்காரர் மாற்றினாரா என்பதை வண்டி சொல்லாது. பட்டறைச் சீட்டுகள்தாம் சொல்லும். நான்கு டயர்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாயின் அதன் சுற்றளவு பெரிது. மற்றவற்றினும் மெதுவாகச் சுழலும். அந்த வேறுபாட்டை நடுவிலுள்ள கிளச்சும் பற்சக்கரங்களும் ஓயாமல் தாங்கித் தேயும். ஆகவே ஒரு டயர் கிழிந்தாலும் சில வேளைகளில் நான்கையும் மாற்ற நேரும். முன்சக்கரக் காரில் இரண்டை மாற்றினால் போதும். நான் பார்த்த அந்த உயர்தரக் காரில் மூன்று கம்பெனிகளின் டயர்கள் இருந்தன! அவர் அதைக் காட்டியபோதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

திருவான்மியூர்க்காரர்கள் கருத வேண்டியது இன்னொன்றும் உண்டு. அது கடற்காற்று. எங்கள் வீட்டுச் சன்னல் கம்பிகளையே உப்பு அரித்துவிடுகிறது. காரின் அடியில் எத்தனை இரும்பு உறுப்புகள் உண்டோ, உப்புக்கு அத்தனை இரை. நெடுங்காலம் ஓட வேண்டிய பழைய காரில் உறுப்புகள் குறைவாயிருப்பதே கடற்கரை ஊருக்கு நன்மை.

இத்தனையும் கேட்டபின் முன்சக்கரக் காரையே எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். ஆனால் முன்சக்கர வண்டி என்பதற்காகவே அதைக் கண்ணை மூடி வாங்கிவிடலாகாது என்றார் என் மாணவர். அவர் சோதித்த முறையை உங்களுக்கும் சொல்கிறேன். நாளை நீங்களும் பழைய கார் பார்க்கச் செல்வீர்கள் அல்லவா?

ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி வட்டமாக மெதுவாக ஓட்டினார். 'டக், டக்' என்ற ஒலி எழுந்தால், முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒலி எழவில்லை. அம்மூட்டுகளை மூடியுள்ள ரப்பர் உறைகள் கிழியவில்லை என்று குனிந்து பார்த்தார். இருக்கைகளின் கீழே தரைவிரிப்பைத் தூக்கி வண்டல் மண் உண்டா, முடை நாற்றம் உண்டா என்று தேடினார். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பார்த்தார். 2015, 2023 வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் பல. மூழ்கிய காரைக் கழுவி மெருகேற்றிச் சந்தைக்குக் கொண்டுவருவாரும் உண்டு. மெருகு வெளியே இருக்கும். மண் உள்ளே இருக்கும். இறுதியாகக் கொதிக்கும் எஞ்சினோடு அரைமணி நேரம் ஓட்டி, பிரேக்கை அழுத்தி, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கண்டார்.

தாள்களைச் சோதிப்பது என் வேலையாயிற்று. அதில் எனக்குப் பழக்கம் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டேன். வண்டிமேல் கடன் இருந்து தீர்ந்திருந்ததால் அதை நீக்கும் படிவம் 35 வேண்டியிருந்தது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 இரண்டையும் நிறைவு செய்தோம். டி.என். 07 என்னும் எண்ணுக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எங்கள் திருவான்மியூர்ப் பகுதிக்குரியதே. ஆகவே அலைச்சல் குறைந்தது. காப்பீட்டையும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். இதைச் செய்யாமல் விட்டு, விபத்து நேர்ந்தபின் வருந்துவோர் பலர்.

வாங்கியபின் நான் செய்த முதற் செலவு எது தெரியுமா? நான்கு புதிய டயர்கள். மற்றக் காரை வாங்கியிருந்தால் முதலாண்டுப் பராமரிப்புக்கே போயிருக்கக்கூடிய தொகையில் ஒரு பகுதிதான் இது.

அந்தக் காரில் கனமழை ஒன்றில் குன்னூர் மலை ஏறினோம். முன்சக்கரங்கள் ஒருமுறையும் வழுக்கவில்லை. ஆயினும் என் மனைவி, "ஏங்க, கொஞ்சம் மெதுவாகவே போங்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். என் மாணவர் சாக்கட்டியால் எழுதியதும் அவள் சொன்னதும் ஒன்றே என்று எனக்குத் தோன்றிற்று.

அடுத்த பருவமழையில் கனமழை எச்சரிக்கை வந்தது. நான் என்ன செய்தேன்? வெள்ளத்தில் காரை ஓட்டிப் பார்க்கவில்லை. மழை தொடங்குமுன், பகலிலேயே, அவளையும் அவளுடைய மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் என் தம்பி வீட்டுக்குச் சென்றுவிட்டேன். திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூர் எவ்வளவு தூரம்! உலர்ந்த சாலையில் அந்தச் சிறு தொலைவைக் கடப்பதற்கு எந்த வண்டியும் போதும். அன்று எங்களைக் காத்தது புறப்பட்ட நேரமே.

மாணவ நண்பர்களே! அச்சம் ஒரு பொருளை விலை பேசும்போது, அறிவு ஒதுங்கி நின்றுவிடுகிறது. எனக்கு நேர்ந்தது அதுதான். மனைவியின் மூச்சுத்திணறல் என் கண்முன் நின்றது. அதை மாற்றும் மருந்தென்று நான்கு சக்கரங்களைக் கருதிவிட்டேன். என் தேவை இன்னது, என் சாலை இன்னது, எனக்கு வரக்கூடிய ஆபத்து இன்னது என்று தாளில் எழுதிப் பார்த்திருந்தால், விடை எழுதிய இடத்திலேயே கிடைத்திருக்கும். கார் வாங்குவதற்கு மட்டுமன்று, மேற்படிப்பைத் தெரிந்துகொள்வதற்கும், தொழிலைத் தெரிந்துகொள்வதற்கும் இது பொருந்தும். 'எது உயர்ந்தது?' என்று கேட்பதற்கு முன், 'நான் போகும் சாலை எது?' என்று கேளுங்கள். பனிமலைக்குப் போகிறவன் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியை வாங்கட்டும். திருவான்மியூரில் இருப்பவன் நல்ல டயர் வாங்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். நாம் வகுப்பில் இழுத்துக் காட்டும் மரக்கட்டை வீண்போவதில்லை. நாம் மறந்தாலும், கடைசி வரிசையிலிருந்து அதைப் பார்த்த பையன் ஒருவன் நினைவில் வைத்திருப்பான். வேண்டியபோது நமக்கே திருப்பித் தருவான்.